நெருங்கிய நுளம்பு இனங்களுக்கிடையே மரபணு வேறுபாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் நுளம்பு பிடித்து, இனங்கண்டு, டிஎன்ஏ வரை கொண்டுபோக நினைக்கும் மாணவர்களும் சுகாதாரக் கள உத்தியோகத்தர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. ஆய்வுகூட வேலைக்கு அவசரம் என்றால் மாதிரி சேகரிப்புப் பகுதிக்கு நேரே போகலாம்.

கடிக்கிறது எந்த நுளம்பாக இருந்தால் என்ன? இனம் பார்த்து என்ன ஆகப்போகிறது?

கடிபடுகிறவருக்கு ஒன்றுமில்லை. ஒழிக்கப் போகிறவருக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது. இலங்கையில் 150க்கு மேற்பட்ட நுளம்பு இனங்கள் பதிவாகியுள்ளன. மனிதருக்கு நோய் பரப்புபவை அவற்றில் மிகச் சில. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூச்சாடித் தட்டிலும் குளிரூட்டி நீர் வடியும் பாத்திரத்திலும் இருப்பது பெரும்பாலும் ஈடிஸ் ஈஜிப்டி. பின்வளவில் சிரட்டையிலும் வாழையிலைக் காம்பிடுக்கிலும் ஈடிஸ் அல்போபிக்டஸ். வீதியோர வடிகாலின் அழுக்கு நீரில் கியூலெக்ஸ் குயின்குபசியாட்டஸ். முதலிரண்டும் டெங்கு, மூன்றாவது யானைக்கால் நோய். வடிகாலுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு டெங்கு குறையவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

இவை மூன்றும் கண்ணுக்கே வேறாகத் தெரிகின்றன. உண்மையான தலையிடி, உருப்பெருக்கியின் கீழ் வைத்தாலும் வேறுபாடு தெரியாத இனங்களிடம்தான்.

‘நெருங்கிய இனம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? ஈஜிப்டியும் அல்போபிக்டஸும் நெருங்கியவைதானே?

ஒரே சாதி, ஒரே துணைச்சாதி. ஆனாலும் நெருக்கம் அவ்வளவு இல்லை. இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள் என மரபணுத்தொகை ஒப்பீடுகள் மதிப்பிடுகின்றன. ஈஜிப்டியின் மரபணுத்தொகை ஏறக்குறைய 125 கோடி மூலச் சோடிகள் (டிஎன்ஏயின் எழுத்துச் சோடிகள்). மலேரியா பரப்பும் ஆபிரிக்க அனோபிலிஸ் கம்பியேயின் தொகை 28 கோடிக்கும் சற்றுக் குறைவு. அனோபிலிஸ், ஈடிஸ், கியூலெக்ஸ் மூன்றிலும் இருப்பது மூன்று சோடி நிறமூர்த்தங்கள்தான். ஈடிஸின் பருமனுக்குக் காரணம் கூடுதல் மரபணுக்கள் அல்ல, தன்னைத்தானே பிரதிசெய்து பெருகிய மீள்வரும் துண்டுகள்.

இந்தப் பக்கத்தில் ‘நெருங்கிய’ என்பது உடன்பிறப்பு இனங்களைக் குறிக்கும். உருவத்தில் ஒன்று, இனப்பெருக்கத்தில் தனித்தனி. அப்படிப்பட்டவை சேர்ந்த கூட்டம் ஓர் இனத்தொகுதி. கம்பியே தொகுதி, கியூலிசிபேசிஸ் தொகுதி, சப்பிக்டஸ் தொகுதி, கியூலெக்ஸ் பிபியன்ஸ் தொகுதி ஆகியவை அடிக்கடி பேசப்படுபவை.

ஈஜிப்டியும் அல்போபிக்டஸும் கலந்து புது நுளம்பு உருவாகுமா?

உருவாகாது. அல்போபிக்டஸ் ஆண் சிலவேளை ஈஜிப்டிப் பெண்ணுடன் புணரும். முட்டை பொரிக்காது, ஆனால் ஆணின் துணைச்சுரப்பிப் புரதங்கள் அந்தப் பெண்ணை மறுபடி புணர விடாமல் செய்துவிடும். அவள் ஆயுள் முழுக்க மலடு. சில நாடுகளில் அல்போபிக்டஸ் வந்த இடங்களில் ஈஜிப்டி மளமளவென்று குறைந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

உருவத்தை வைத்து எதுவரை போகலாம்?

ஈடிஸில் நன்றாகவே போகலாம். முதுகில் யாழ் வடிவ வெண்கோடு என்றால் ஈஜிப்டி, நடுவே ஒற்றை வெண்கோடு என்றால் அல்போபிக்டஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொறியில் மாட்டி அடிபட்ட நுளம்பின் முதுகுச் செதில்கள் உதிர்ந்துவிடும். அப்போது முகத்தின் முன்தட்டைப் பாருங்கள்: ஈஜிப்டிப் பெண்ணுக்கு அதில் வெண்செதில் இருக்கும், அல்போபிக்டஸுக்கு வெறும் கறுப்பு. குடம்பியில் எட்டாம் வயிற்றுத் துண்டத்தின் சீப்புச் செதில்களே சாட்சி. ஈஜிப்டியில் நடுமுள்ளின் இருபுறமும் வலுவான பக்கமுட்கள்; அல்போபிக்டஸில் நடுமுள் மட்டும். 40 மடங்கு போதாது, 100 மடங்கில் பாருங்கள்.

முதுகில் மூன்று சோடி வெண்புள்ளி இருந்தால் அது ஈடிஸ் விட்டேட்டஸ். ‘புள்ளி போட்டதெல்லாம் டெங்கு நுளம்பு’ என்று எழுதிவிட வேண்டாம்.

அனோபிலிஸில் உருவம் தொகுதி வரைக்கும் கொண்டுபோய் விடும். அங்கிருந்து உள்ளே போக நிறமூர்த்தமோ டிஎன்ஏயோ வேண்டும்.

அந்த உள்ளே போகும் வேலை உண்மையில் எங்காவது பயன்பட்டிருக்கிறதா?

இலங்கையிலேயே பயன்பட்டது. 1934–35 மலேரியாப் பெருந்தொற்றில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் வற்றி, ஆற்றுப்படுகையில் தேங்கிய குட்டைகளில் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் பெருகியது. பின்னர் இந்தியாவில் இந்த ‘ஒரே’ நுளம்புக்குள் ஏ, பி, சி, டி என்று உடன்பிறப்பு இனங்கள் இருப்பது நிறமூர்த்தங்களில் தெரியவந்தது. பட்டைபட்டையாகத் தெரியும் பெரிய நிறமூர்த்தங்களில், ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கும் இடங்கள் இனத்துக்கு இனம் வேறுபட்டன. இலங்கை மாதிரிகளைப் பார்த்தபோது கிடைத்தது பி. இங்கேதான் புதிர். இந்தியாவில் பி மலேரியாவை மிக அரிதாகவே கடத்தும் இனம், அதாவது கிட்டத்தட்ட அப்பாவி. அப்படியானால் இலங்கையில் இத்தனை பேரைக் கொன்றது எது?

விடை 1999இல் இராமேஸ்வரத்தில் கிடைத்தது. பி என்று எண்ணியவற்றுக்குள் ஈ என்ற ஐந்தாவது இனம் ஒளிந்திருந்தது. பெரிய நிறமூர்த்தங்களின் பட்டைகளில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு ஆணின் ஒய் நிறமூர்த்தத்தில் மட்டும்: பி இனத்தில் மையமூர்த்தம் ஏறக்குறைய நுனியில், ஈ இனத்தில் நடுவுக்குக் கிட்ட. ஈ திறமையான மலேரியாக் காவி (நோயைக் கடத்தும் உயிரி). அடுத்த ஆண்டே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கையிலும் ஈ இருப்பதைக் காட்டினார்கள்.

இதன் நடைமுறைச் சிக்கலைக் கவனியுங்கள். கடிக்க வரும் பெண் நுளம்புக்கு ஒய் நிறமூர்த்தமே கிடையாது. ஆகவே அவளைப் பிடித்து, இரத்தம் கொடுத்து, முட்டையிட வைத்து, அவளுடைய ஆண் பிள்ளைகளின் ஒய்யைப் பார்த்துத்தான் தாயின் இனத்தைச் சொல்ல முடியும். பிழைப்பதே சில பெண்கள்தான்; பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற வேலை அல்ல. இந்தியாவில் இழைமணி மரபணு ஒன்றை வைத்து பிசிஆர் சோதனை (டிஎன்ஏ துண்டொன்றைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) வடிவமைத்திருக்கிறார்கள். அதை இங்கே பயன்படுத்த விரும்பினால், முதலில் ஒய் நிறமூர்த்தத்தால் உறுதிசெய்த உள்ளூர் மாதிரிகளில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நாட்டு நுளம்புக்கு வடிவமைத்த பிரைமர் (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ இழை) இன்னொரு நாட்டு நுளம்பில் பொய் சொல்லக்கூடும்.

சப்பிக்டஸ் தொகுதி பற்றியும் குழப்பம் இருக்கிறதே?

இருக்கிறது, அதுவும் வேறு விதமாக. அனோபிலிஸ் சப்பிக்டஸில் ஏ, பி, சி, டி என நான்கு. முட்டையின் மிதவையில் (அதை நீரில் மிதக்க வைக்கும் பக்க உறுப்பில்) உள்ள வரம்புகளை எண்ணிப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு: ஏ 31–36, சி 25–29, டி 21–24, பி 16–20. கடலோரச் சவர் தண்ணீரில் வளர்வது பி. 2010இல் இலங்கையின் ‘பி’ நுளம்புகளின் டிஎன்ஏயைப் படித்தபோது, அவை சப்பிக்டஸின் மற்ற உறுப்பினர்களை விட அனோபிலிஸ் சண்டைக்கஸ் தொகுதிக்கே நெருக்கம் என்று தெரிந்தது. சண்டைக்கஸ் தென்கிழக்காசியக் கரைகளில் பேர்போன மலேரியாக் காவி. முட்டை வரம்பும் சிறகுப் புள்ளியும் ஒரு பக்கம் சொன்னதை டிஎன்ஏ மறுபக்கம் திருப்பிவிட்டது. பழைய அறிக்கைகளில் ‘சப்பிக்டஸ்’ என்று கண்டால் எந்த முறையில் இனங்கண்டார்கள் என்று பார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

எந்த மரபணுவைப் பார்க்க வேண்டும்? சிஓஐ ஒன்று போதாதா?

கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது. இழைமணியில் உள்ள சிஓஐ மரபணுவின் ஒரு துண்டுதான் ‘பார்கோட்’ என்று அழைக்கப்படுவது. போல்மர் பிரைமர்கள் ஏறக்குறைய 710 மூலச் சோடிகளைப் பெருக்கும். பிரைமர்களைக் கழித்தால் 658. ஒரு கலத்தில் இழைமணிப் பிரதிகள் ஏராளம் என்பதால் ஒரு காலிலிருந்தே கிடைக்கும். அறியாத குடம்பிக்குப் பெயர் வைக்க முதலில் இதைச் செய்வது சரி.

ஆனால் சிஓஐ தாய்வழி மட்டுமே வருகிறது. அண்மையில் பிரிந்த இனங்களிலும், பிரிந்த பின்னும் இடையிடையே கலந்த இனங்களிலும் அது தோற்றுப்போகும். அனோபிலிஸ் கம்பியேயையும் அனோபிலிஸ் கொலுசியையும் (2013 வரை ஒரே இனத்தின் இரண்டு வடிவங்களாகக் கருதப்பட்டவை) சிஓஐயால் பிரிக்க முடியாது. அவற்றுக்கு ரைபோசோம் மரபணுக்களின் இடைவெளித் துண்டைப் பார்க்க வேண்டும்.

ஐடிஎஸ்2 எனப்படும் ரைபோசோம் இடைத்துண்டு அனோபிலிஸில் நன்றாக வேலை செய்யும். உடன்பிறப்பு இனங்களுக்கிடையே நீளமே மாறுவதால் சிலவேளை ஜெல்லிலேயே வேறுபாடு தெரியும். கியூலெக்ஸிலும் ஈடிஸிலும் ஒரே நுளம்புக்குள் ஐடிஎஸ்2 பிரதிகள் தமக்குள் வேறுபடும். நேரடியாக வரிசைப்படுத்தினால் நடுவிலிருந்து சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வாசிக்க முடியாமல் போகும். அது உங்கள் பிழையல்ல, துண்டின் இயல்பு.

எங்கள் பரிந்துரை: இழைமணி மரபணு ஒன்று, கரு மரபணு (கலத்தின் கருவில் உள்ளது) ஒன்று, குறைந்தது இரண்டு. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் எழுதுங்கள். முரண்பட்டால் அந்த முரண்தான் உங்கள் ஆய்வு.

கியூலெக்ஸுக்கு ஏஸ்-2 சோதனை செய்ய வேண்டுமா?

ஏஸ்-2 என்ற கரு மரபணுவைப் பெருக்கும் அந்த பிசிஆர் குயின்குபசியாட்டஸுக்கு 274, பிபியன்ஸுக்கு 610 மூலச் சோடிப் பட்டைகளைத் தரும். பிபியன்ஸ் மிதவெப்ப நாட்டு நுளம்பு. கொழும்பு வடிகாலில் பிடித்ததை இதில் ஓட்டினால் 274தான் வரும். செய்முறை பழக ஒருமுறை செய்யலாம், ஆய்வுக் காசை அதில் கொட்ட வேண்டாம்.

கொழும்பில் மாதிரி சேகரிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பெரும்பாலான திட்டங்கள் கெட்டுப்போவது ஆய்வுகூடத்தில் அல்ல, இங்கேதான். ஒரு தொட்டியிலிருந்து 30 குடம்பிகளை அள்ளிக்கொண்டு வந்து ‘கொட்டாஞ்சேனை மாதிரி 30’ என்று எழுதுவார்கள். அந்த முப்பதும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு குடும்பம்; கொட்டாஞ்சேனையின் நுளம்புத்தொகை அல்ல. அதை மட்டக்குளிக் குடும்பம் ஒன்றுடன் ஒப்பிட்டு ‘இரு பகுதிகளுக்கும் மரபணு வேறுபாடு உண்டு’ என்று முடிவெடுப்பது வெறும் மாயை. ஒரு பாத்திரத்திலிருந்து ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு எடுங்கள். ஈஜிப்டி ஒரே ஈட்டு முட்டைகளைப் பல பாத்திரங்களில் பிரித்து இடும் பழக்கமுள்ளது என்பதால் பக்கத்துப் பக்கத்துப் பாத்திரங்களும் போதாது. 100 மீற்றராவது தள்ளிப் போங்கள். இப்படி ஓர் இடத்துக்கு 25–30 நுளம்பு சேர்த்தால் நல்ல மாதிரி.

மே முதல் ஜூலை வரையும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் குடம்பிகள் தாராளம். இரு பருவங்களின் மாதிரிகளையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே வையுங்கள்.

குடம்பிகளை முதிரும்வரை வளர்த்து, உருவத்தால் இனங்கண்ட பிறகே கொல்லுங்கள். உறைபெட்டியில் 20 நிமிடம் போதும். ஒவ்வொரு நுளம்பும் தனிக் குழாயில், தனி எண்ணுடன். முதிர்ந்தவற்றைக் காய வைத்தால் சிலிக்கா ஜெல் மேல் சிறிது பஞ்சு, பஞ்சின் மேல் நுளம்பு. கொழும்பு ஈரப்பதத்தில் சிலிக்கா ஜெல் விரைவில் ஈரமாகிவிடும். நிறம் மாறியதும் மாற்றாவிட்டால் இரண்டே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு நீங்கள் பெருக்குவது பூஞ்சணத்தின் டிஎன்ஏயை. குடம்பிகளை 95 சதவீத எதனோலில் இடுங்கள், மறுநாள் ஒருமுறை எதனோலை மாற்றுங்கள். மருந்துக்கடைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம்: செறிவு குறைவு, வேறு சேர்மானமும் உண்டு. போமலினில் இட்ட மாதிரியை மறந்துவிடுங்கள். லேபலை எதனோல் கரைக்காத பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள்.

ஒரு காலையோ உடலின் பாதியையோ எப்போதும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். டிஎன்ஏ விசித்திரமான விடை தரும்போது திரும்பிப் பார்க்க உடல் வேண்டும்.

விலையுயர்ந்த கிட் இல்லாமல் டிஎன்ஏ எடுக்க முடியுமா?

முடியும். லிவாக் கரைசல் முறை மலிவு, நம்பகமும் கூட. 100 மில்லிலீற்றருக்கு: 5 மோலார் சோடியம் குளோரைட்டு 1.6 மில்லிலீற்றர், சுக்குரோசு 5.48 கிராம், டிரிஸ் 1.57 கிராம், 0.5 மோலார் ஈடிடிஏ 10.16 மில்லிலீற்றர், 20 சதவீத எஸ்டிஎஸ் 2.5 மில்லிலீற்றர், மிச்சம் காய்ச்சி வடித்த நீர். சிறு குழாய்களில் பிரித்து உறைநிலையில் வையுங்கள். எடுக்கும்போது எஸ்டிஎஸ் வெண்மையாகப் படிந்திருக்கும், 65 பாகை செல்சியஸில் சூடாக்கினால் கரைந்துவிடும்.

சூடான கரைசல் 50 மைக்ரோலீற்றரில் நுளம்பை அரைத்து, உலக்கையை இன்னொரு 50ஆல் கழுவி அதிலேயே விடுங்கள். 65 பாகையில் 30 நிமிடம். 8 மோலார் பொட்டாசியம் அசற்றேற்று 14 மைக்ரோலீற்றர் சேர்த்து மெல்லக் கலக்கி, பனிக்கட்டியில் 30 நிமிடம். உச்ச வேகத்தில் 20 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தை மட்டும் புதிய குழாய்க்கு மாற்றுங்கள். அடியில் உள்ள வெள்ளைப் படிவில் சிறிது வந்தாலும் பிசிஆர் நின்றுவிடும், ஆகவே பேராசைப்பட வேண்டாம், கடைசி 10 மைக்ரோலீற்றரை விட்டுவிடுங்கள். தூய எதனோல் 200 மைக்ரோலீற்றர், மீண்டும் 15 நிமிடச் சுழற்சி, 70 சதவீத எதனோலால் கழுவல், நன்றாக உலர்த்தல், 100 மைக்ரோலீற்றர் நீரில் கரைத்தல். முழுதாக உலராத எதனோல் இருந்தால், ஜெல் குழியில் ஏற்றும்போது மாதிரி மிதந்து வெளியே போகும்.

இரத்தம் குடித்த பெண் என்றால் வயிற்றை வெட்டித் தள்ளிவிட்டுத் தலையையும் மார்பையும் மட்டும் எடுங்கள். இரத்தத்தின் ஹீம் பிசிஆரைத் தடுக்கும். கடிபட்ட மனிதரின் அல்லது மாட்டின் டிஎன்ஏயும் கலந்துவரும்.

பிசிஆர் நிலைமைகள் என்ன? பட்டை வராவிட்டால் எங்கே பார்ப்பது?

சிஓஐக்கு 25 மைக்ரோலீற்றர் கலவையில் டிஎன்ஏ 1–2 மைக்ரோலீற்றர், ஒவ்வொரு பிரைமரும் 0.4 மைக்ரோமோலார், மக்னீசியம் 2 மில்லிமோலார், டக் நொதியம் 1 அலகு. 94 பாகையில் 3 நிமிடம். பிறகு 94இல் 40 வினாடி, 48இல் 40 வினாடி, 72இல் 1 நிமிடம் என 35 சுற்று. இறுதியில் 72இல் 7 நிமிடம். 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் பாருங்கள்.

எதுவுமே வரவில்லை என்றால் முதலில் டிஎன்ஏயைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு ஐதாக்குங்கள். அநேகமாகத் தடை செய்யும் பொருள்தான் பிரச்சினை; லிவாக் கரைசலின் ஈடிடிஏ எஞ்சியிருந்தால் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். பல பட்டைகள் வந்தால் ஒட்டும் வெப்பநிலையை (மேலே 48) 2 பாகை உயர்த்துங்கள். மாதிரி இல்லாத நீர்க் குழாயிலும் பட்டை வந்தால் அன்றைய ஓட்டம் முழுவதும் குப்பைக்கு. ‘மெல்லியதுதானே’ என்று சமாளிக்க வேண்டாம். பிசிஆர் கலவையும் பிசிஆர் முடிந்த பொருளும் ஒரே மேசையில், ஒரே பிப்பெட்டால் கையாளப்படுவதே வழக்கமான குற்றவாளி.

எத்தனை சதவீத வேறுபாடு இருந்தால் வேறு இனம்?

சிஓஐயில் 2 சதவீதம் என்று ஒரு வழக்கம் உண்டு. 658இல் ஏறத்தாழ 13 எழுத்துகள். அதை எல்லைக்கல்லாக எடுக்காமல் எச்சரிக்கைப் பலகையாக எடுங்கள். கம்பியே–கொலுசியைப் போல பூச்சிய வேறுபாட்டிலும் இரண்டு இனங்கள் இருக்கலாம். பரந்த பிரதேசத்தில் வாழும் ஒரே இனத்துக்குள் 2ஐத் தாண்டலாம்.

எண்ணுவதற்கு முன் வரிசை உண்மையான இழைமணியுடையதா என்று பாருங்கள். ஈடிஸ் ஈஜிப்டியில் இது பெரிய பொறி: அதன் கரு மரபணுத்தொகைக்குள் இழைமணி டிஎன்ஏயின் பழைய பிரதிகள் ஏராளமாகக் குடிபுகுந்திருக்கின்றன. பிரைமர் அவற்றையும் பெருக்கும். இரட்டைச் சிகரங்கள், இடையில் ஓர் எழுத்து விடுபடல், முதுகெலும்பிலிகளின் இழைமணிக் குறிமுறையில் மொழிபெயர்க்கும்போது நடுவில் நிறுத்தக் குறி ஆகியவை அதன் அடையாளங்கள். இரு திசைகளிலும் வரிசைப்படுத்தாமல் ‘புதிய வகை’ என்று அறிவிக்காதீர்கள்.

டிஎன்ஏ வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பாங்கில் தேடி முதலில் வரும் பெயரை அப்படியே எடுப்பதும் ஆபத்து. அங்கே பெயரிட்டவரும் உங்களைப் போல உருவத்தைப் பார்த்தே பெயரிட்டிருப்பார். மேலே சொன்ன சப்பிக்டஸ்–சண்டைக்கஸ் குழப்பம் தரவுத்தளத்திலும் இருக்கும்.

வொல்பாக்கியா பக்டீரியா இதில் எங்கே வருகிறது?

இரண்டு இடங்களில். அல்போபிக்டஸில் அது இயற்கையாகவே உண்டு, அதுவும் இரு ரகங்கள். தாய்வழியே போவதால், வொல்பாக்கியா ஒரு நுளம்புத்தொகையில் பரவும்போது அந்தத் தாயின் இழைமணியும் சேர்ந்து பரவும். ஆகவே அல்போபிக்டஸில் சிஓஐ வேறுபாடு குறைவாக இருப்பதைப் பார்த்து ‘நுளம்புத்தொகை சிறியது’ என்று முடிவெடுக்க முடியாது. கரு மரபணுவை வைத்தே பேச வேண்டும்.

மற்றது, 2020இல் கொழும்பிலும் நுகேகொடையிலும் தொடங்கிய வெளியீட்டுத் திட்டம். ஈஜிப்டிக்கு இயற்கையில் வொல்பாக்கியா இல்லை. அதை உள்ளே புகுத்திய நுளம்பில் டெங்கு வைரசு பெருகுவது குறையும். பலர் நினைப்பது போல இது மரபணு மாற்றிய நுளம்பு அல்ல, நுளம்பின் டிஎன்ஏ தொடப்படவில்லை. இரண்டு ஈடிஸ்களுக்கும் பிள்ளை பிறக்காததால் அல்போபிக்டஸுக்கு இது தாவப்போவதுமில்லை.

மறைந்திருக்கும் இனம் ஒன்று என் மாதிரிக்குள் கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கலப்புச் சோடிகளை எண்ணுங்கள். ஒரு கரு மரபணுவில் இரண்டு வடிவங்கள், 40 நுளம்புகள் என்று வைப்போம். இரு வடிவமும் சம அளவில் இருந்து, எல்லாம் ஒன்றோடொன்று தாராளமாகப் புணரும் ஒரே இனமாக இருந்தால், ஏறத்தாழ 20 நுளம்புகள் இரு வடிவங்களையும் சுமக்க வேண்டும். நீங்கள் கண்டது 20 தூய முதல் வகை, 20 தூய இரண்டாம் வகை, கலப்பு பூச்சியம் என்றால் இவை ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டு மூன்று கலப்பு மட்டும் இருந்தால் யோசிக்க வேண்டும்: அரிதான கலப்பினமா, இல்லை ஒரு வடிவத்தைப் பெருக்கத் தவறும் பிரைமரா? பிரைமர் கோளாறு என்றால் அந்த ஒரு மரபணுவில் மட்டும் தெரியும். வேறு இனம் என்றால் வெவ்வேறு நிறமூர்த்தங்களில் உள்ள மரபணுக்களிலும் அதே நுளம்புகள் அதே பக்கம் பிரிந்து நிற்கும்.

இனம் வேறு என்றால் மருந்துக்கு எதிர்ப்பும் தனித்தனியாகத்தானே உருவாகும்?

எப்போதும் அப்படியல்ல. கம்பியே தொகுதியில் வெவ்வேறு இனங்கள் கலந்தால் பிறக்கும் ஆண்கள் மலடு, பெண்கள் மலடல்ல. அந்தப் பெண்கள் வழியாக மரபணுக்கள் ஓர் இனத்திலிருந்து மற்றதற்குக் கசியும். 2015இல் வெளியான மரபணுத்தொகை ஒப்பீடு இந்தக் கசிவு எவ்வளவு பெரியது என்று காட்டியது. மலடாகாமலே கலக்கக்கூடிய கம்பியேக்கும் கொலுசிக்கும் இடையே, பைரித்திரொயிட் வகைப் பூச்சிமருந்தைத் தாங்க வைக்கும், நரம்பின் சோடியம் வாயில் (சோடியம் புகும் வழி) புரதத்தின் 1014ஆம் இட விகாரம் அப்படித்தான் தாவியது.

ஈஜிப்டியில் கதை வேறு. அதே சோடியம் வாயில் புரதத்தில் 989, 1016, 1534 ஆகிய இடங்களில் விகாரங்கள். ஆசியாவில் 1016இல் வலினுக்குப் பதில் கிளைசின், அமெரிக்காக்களில் அதே இடத்தில் ஐசொலூசின். இலங்கை ஈஜிப்டியிலும் இந்த விகாரங்கள் பதிவாகியுள்ளன. கடையில் வாங்கும் நுளம்புச் சுருளும் புகை அடிப்பதும் பெரும்பாலும் இதே மருந்துக் குடும்பம் என்பதை நினைவில் வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சவர் தண்ணீரில் ஈடிஸ் வளர்கிறதாமே, அது புது இனமா?

புது இனமல்ல, ஈஜிப்டியேதான். கரையோரக் கிணறுகளிலும் கைவிட்ட படகுகளிலும் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. சவர் தண்ணீரில் தலைமுறைகளாக வளர்ந்தவற்றில் புறத்தோல் தடிப்பதும், புறத்தோல் புரத மரபணுக்களின் வெளிப்பாடு மாறுவதும், டெமிபோஸ் என்ற குடம்பிக்கொல்லியைத் தாங்கும் திறன் கூடுவதும் பதிவாகியுள்ளன. சிஓஐ இதில் எதையும் காட்டாது. முகத்துவாரப் பக்கம் மாதிரி எடுப்பவர்கள் உப்பளவுமானி ஒன்றைக் கையில் கொண்டுபோவது நல்லது.

அனோபிலிஸ் ஸ்டீபென்சி கொழும்புக்கு வந்தால் தெரியுமா?

2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு எனச் சான்று பெற்றது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் ஸ்டீபென்சி கண்டுபிடிக்கப்பட்டது. கிணறு, மேல்நிலைத் தொட்டி என்று நகரத்து நீரில் வளரும் மலேரியாக் காவி இது, ஈஜிப்டியோடு ஒரே தொட்டியைப் பகிரும். சிஓஐயோ ஐடிஎஸ்2ஓ இதைச் சந்தேகமின்றிப் பிரித்துக் காட்டும். அதற்குள் உள்ள மூன்று வகைகளைப் பிரிக்கத்தான் முட்டை வரம்பு எண்ணுகிறார்கள்: டைப் வகைக்கு 14–22, இடைநிலைக்கு 12–17, மைசோரென்சிஸுக்கு 9–15. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் ஒற்றை முட்டையை எண்ணிப் பெயர் சொல்லாதீர்கள், ஒரு தாயின் பல முட்டைகளை எண்ணிச் சராசரி எடுங்கள்.

கொழும்பில் டெங்குக் குடம்பி தேடிப் போகும்போது தொட்டி நீரின் மேற்பரப்புக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும் குடம்பி கண்டால் அது அனோபிலிஸ். ஈடிஸ் தலைகீழாகத் தொங்கும். ‘டெங்கு இல்லை’ என்று எழுதிவிட்டு ஊற்றிவிடாமல், ஒரு போத்தலில் எடுத்து, முகவரியும் திகதியும் எழுதி, மலேரியாத் தடை இயக்கத்துக்கோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கொடுங்கள். போத்தலை முழுக்க நிரப்ப வேண்டாம். மேலே கால்பங்கு காற்று இல்லாவிட்டால் போய்ச் சேருவதற்குள் மூச்சடைத்துச் செத்துவிடும்.